பாட்டாசிரியர் ஏனோக்கு சொண்டோங்கா

வெள்ளிவிழா மலருக்கு ஆசிரியர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டனர். ஆசிரியர் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் முதற்கண் எழுவோர் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயுமே ஆவர். அவர்கள் 1848இல் புனே நகரில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கிய வரலாற்றை நம் மேடைகளில் பலகால் பேசியுள்ளோம். நம் பிள்ளைகளும் ஒப்புவிக்கக் கேட்டு மகிழ்ந்துள்ளோம். இம்முறை நம் இளைஞர் பெரிதும் கேள்வியுறாத ஒருவரைப் பற்றி எழுதலாம் எனத் துணிந்தோம். அவர் பெருந்தலைவர் அல்லர். பேரறிஞர் என்றும் சொல்வதற்கில்லை. மறைப்பணியாளர் நடத்திய ஓர் எளிய பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் பாட்டுச் சொல்லியும் வாழ்ந்து, முப்பத்திரண்டாம் வயதளவில் மாய்ந்த ஒரு கருப்பின ஆசிரியர். பெயர் ஏனோக்கு மங்காயி சொண்டோங்கா. ஊர் தென்னாப்பிரிக்கா.

கடல் கடந்து செல்வானேன் எனச் சிலர் வினவக்கூடும். அந்நாடு நமக்கு அத்துணை அயலானதன்று. 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள் சென்றடைந்த நாடு அது. ‘பறையன்’ என்னும் பெயரையே இதழுக்குச் சூட்டி 1893இல் வெளியிட்ட இரட்டைமலை சீனிவாசனார், பின்னர்ப் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து வாழ்ந்த நாடும் அதுவே. 1921இல் தாயகம் திரும்பிய அப்பெரியார், 1939இல் தம் வாழ்க்கையைத் தாமே சுருக்கி ஒரு சிறு நூலாக எழுதி வைத்தார். ஆதலின் அவர் வாய்மொழியாகவே அவரை நாம் அறிகிறோம். சொண்டோங்கா அவ்வாறு எழுதி வைக்கவில்லை. அதனால் நேர்ந்தது என்ன என்பதை இனிக் காண்போம்.

அவர் 1873ஆம் ஆண்டளவில், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியைச் சேர்ந்த யூட்டன்ஹேக் என்னும் ஊரில் பிறந்தார். கோசா மொழி பேசும் இனத்தவர். லவ்டேல் கல்விக்கூடத்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். லவ்டேல் என்றதும் உதகைமண்டலத்தை அடுத்துள்ள ஊரை எண்ண வேண்டா. இது ஆப்பிரிக்கக் கருப்பின மக்களுக்கு எழுத்தறிவித்த பழம்பெரும் நிலையங்களுள் ஒன்று. ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் 1841இல் தொடங்கியது. அங்கே அச்சுக்கூடமும் இருந்தது. பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான தாபோ உம்பெக்கியும் அங்குப் பயின்றவரே.

பயிற்சி முடித்த இளைஞர் ஜோகன்னஸ்பர்க் நகரத்தை அடுத்த நான்ஸ்ஃபீல்டு என்னுமிடத்தில் மெதடிஸ்ட் சபையார் நடத்திய பள்ளிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். அந்நகரம் அப்போது பிறந்து பத்தாண்டுக் குழந்தை எனலாம். 1886இல் அங்குப் பொன் கண்டெடுக்கப்பட்டது. அதன்பின் நாற்றிசையினின்றும் மக்கள் வந்து குவிந்தனர். வெள்ளையர் பொன்னுக்கு உடையவராயினர். கருப்பர் சுரங்கத்துள் இறங்கி அதை வெட்டி எடுப்பவராயினர். கருப்பர் எங்குச் செல்லினும் அனுமதிச் சீட்டு வைத்திருத்தல் வேண்டும். தெருவோர நடைபாதையில் நடத்தற்கும் அவர்க்கு உரிமையில்லை. அந்த நடைபாதைத் தடை நம்மவரையும் விட்டுவைக்கவில்லை. நடைபாதையில் நடக்கும் உரிமை மறுக்கப்படுவது என்னவென்பதை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தகைய சூழலில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு பாடற்குழு ஒன்றை நடத்தினார் சொண்டோங்கா. சபையில் அருளுரை ஆற்றுவதும், ஒளிப்படம் எடுப்பதும் அவருடைய பிற தொழில்கள். ஆயினும் உள்ளம் முழுதும் பாட்டிலேயே இருந்தது. பிள்ளைகள் பாடுவதற்கெனச் சொல்லும் இசையும் தாமே ஆக்கிக் கொடுத்தார். அச்சிட வழியில்லை, ஆகவே கிடைத்த தாள்களிலெல்லாம் கையால் எழுதினார்.

அவர் எழுதிய முறையைப் பற்றி இங்குச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். மேனாட்டு இசையை எழுதுவதற்கு ஐந்து கோடுகளும் அவற்றின்மேல் புள்ளிகளும் கொண்ட முறை ஒன்றுண்டு என்பதைப் பலரும் அறிவர். அதைக் கற்க நெடுநாள் பயிற்சி வேண்டும். அச்சிடவும் தனி எழுத்துருக்கள் வேண்டும். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்னும் அம்மையார் வகுத்ததும், ஜான் கர்வன் என்பவர் 1840களில் தொடங்கித் திருத்திப் பரப்பியதுமான வேறொரு முறை உண்டு. ‘டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி’ என்னும் ஏழு சுரங்களையும் அவற்றின் முதலெழுத்துகளாலேயே எழுதி, இடையே புள்ளியும் கோடும் இட்டுக் கால அளவைக் காட்டுவது அது. நம் ‘ச, ரி, க, ம, ப, த, நி’ போன்றதே. நாம் ஆதார சுருதியை எங்கு வைத்துக்கொள்ளினும் ‘ச’ அங்கிருந்து தொடங்குதல்போல், அவர்களுடைய ‘டோ’வும் பாடுவோர் குரலுக்கேற்ப இடம் மாறும். சாதாரண எழுத்து தெரிந்த எவனும் சில நாளில் படித்துவிடலாம். பியானோ வேண்டா, ஆர்மோனியமும் வேண்டா. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் உள்ள ஆசிரியர் ஒருவர் போதும்.

ஏழைப் பள்ளியில் இதன் அருமை பெரிது. எம் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கு ஓர் ஆர்மோனியப் பெட்டி வேண்டி நாம் எழுதிய விண்ணப்பங்களை அடுக்கினால் அப்பெட்டியின் உயரத்திற்கு வரும். அது நிற்க. மறைப்பணியாளர் தம் துதிப்பாடல்களைப் பரப்புவதற்கெனக் கொண்டுவந்த எழுத்துமுறை அது. சொண்டோங்கா அதையே தம் மக்களுடைய பாட்டை எழுதுவதற்குக் கருவியாக்கிக்கொண்டார். பிள்ளைகளை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒரே பாட்டை நான்கு குரல்நிலைகளில் ஒருங்கே பாடச் செய்தார். தனியொருவன் குரல் எத்துணை இனிதாயினும் அங்கே பயனில்லை. அடுத்தவன் பாடுவதைக் கேட்டுக்கொண்டே தன் பகுதி வழுவாது பாடுதல் வேண்டும்.

அவ்வாறு 1897ஆம் ஆண்டு அவர் இயற்றிய ஒரு பாட்டே ‘ன்கோசி சிகெலெலி ஆஃப்ரிகா’ என்பது. ‘இறைவா, ஆப்பிரிக்காவுக்கு அருள்புரிவாயாக’ என்பது இத்தலைப்பின் பொருள். முதற்பகுதியும் மீள்பாடற் பகுதியும் மட்டுமே அவர் எழுதியவை. எளிய சொற்கள், திரும்பத் திரும்ப வரும் இசை. சபைத் துதிப்பாடலின் அமைப்பும் அம்மக்களின் பழம்பாட்டு மரபும் அதில் கலந்துள்ளன என்பர் அறிந்தோர். மெல்லிய துயரம் ஒன்று அதனுள் ஓடுவதையும் கேட்டோர் உணர்வர். அந்நாளைய ஜோகன்னஸ்பர்க் கருப்பரின் வாழ்வை நினைப்போர்க்கு அது வியப்பாகாது. ஆனால் ஒன்று. அவர் வேண்டியது தம் பள்ளிக்கோ தம் இனத்திற்கோ தம் சபைக்கோ அன்று. ஒரு கண்டம் முழுமைக்கும் ஆகும். ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டு வேண்டியிருந்த ஒருவர் கண்டம் முழுவதையும் ஒரு பெயரால் அழைத்துப் பாடினார்.

1899இல் கருப்பினப் போதகர் ஒருவருக்குத் திருநிலை அளித்த விழாவில் இப்பாட்டு முதன்முதலாகப் பலரறியப் பாடப்பெற்றது. அவ்வாண்டே போயர்களுக்கும் ஆங்கிலேயர்க்கும் போர் மூண்டது, 1902இல் முடிந்தது. வென்றவர் மாறினரேயன்றிச் சீட்டு மாறவில்லை. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது, இந்தியர் குடியிருந்த சேரியை நகராட்சியார் தீயிட்டழித்து, அங்கிருந்தோரை நகருக்குப் பன்னிரண்டு கல்லுக்கு அப்பாலுள்ள கிளிப்ஸ்பிரைட்டுக்குக் கொண்டுசென்று கூடாரங்களில் குடியேற்றினர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். கருப்பின மக்களும் நகரிலிருந்து அவ்விடத்திற்கே பெயர்க்கப்பட்டனர். பின்னாளில் சொவேட்டோ என உலகறிந்த பெருங்குடியிருப்பின் தொடக்கம் அதுவே. சொண்டோங்காவின் நான்ஸ்ஃபீல்டும் அதன் அருகில் உள்ளதே. சேரியை எரித்து ஊருக்கு வெளியே குடியமர்த்தும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இளைஞர் அறிவாராக.

சொண்டோங்கா தாம் தாள்தாளாக எழுதியவற்றையெல்லாம் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தொகுத்தார். அச்சேற்றும் எண்ணத்துடன் அதைச் செம்மைப்படுத்தி வந்தார். எண்ணம் நிறைவேறவில்லை. 1905ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் வயிற்று நோயால் அவர் உயிர் பிரிந்தது. குடல்வால் வெடித்ததே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. டயானா என்னும் மனைவியாரும் ஒரு மகனும் எஞ்சினர்.

இதன்பின் நடந்தவை இரண்டு. பாட்டு ஒருவழிச் சென்றது. பாட்டாசிரியரின் நினைவு வேறுவழிச் சென்றது.

பாட்டின் வழியை முதலிற் சொல்வோம். அவருடைய கையெழுத்துத் தாள்களைப் பிற பள்ளி ஆசிரியர்களும் பாடற்குழுத் தலைவர்களும் இரவல் வாங்கிச் சென்று தம் மாணவர்க்குக் கற்பித்தனர். நேட்டால் பகுதியின் இனாண்டா என்னுமிடத்தில் ஜான் டூபே என்னும் பெரியார் ஒஹ்லாங்கே பள்ளியை நடத்தி வந்தார். கருப்பர் ஒருவரே நிறுவி நடத்திய பள்ளி அது. காந்தியடிகளின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு அதற்கு அண்மையில் இருந்தது. ஒஹ்லாங்கே பாடற்குழு ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்திப் பள்ளிக்குப் பொருள் திரட்டியது; ஜோகன்னஸ்பர்க் மேடைகளில் சொண்டோங்காவின் பாட்டையும் பாடியது. 1912ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் புளூம்ஃபொன்டைன் நகரில் கருப்பின மக்களின் முதற்பேரவை கூடியது. அதுவே பின்னர் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு எனப் பெயர் பெற்றது. டூபே அதன் முதல் தலைவர். கூட்டம் முடிவில் இறைவணக்கத்தின்பின் இப்பாட்டு ஒலித்தது. எழுதியவர் இறந்து ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

அப்பேரவையின் செயலாளராய் விளங்கியவர் சால் பிளாட்ஜே என்னும் எழுத்தாளர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தவர். நம் சீனிவாசனாரின் தொழிலும் மொழிபெயர்ப்பே என்பது நினைக்கத்தக்கது. அவர் 1923ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் இப்பாட்டைப் பாடி இசைத்தட்டில் பதிவு செய்தார். 1925இல் காங்கிரசு இதைத் தன் பாட்டாக ஏற்றது. 1927இல் ம்காயி என்னும் கோசா மொழிப் பெருங்கவிஞர் மேலும் ஏழு பகுதிகளை எழுதிச் சேர்த்தார். 1948இல் நிறவெறி அரசு வந்தது. 1953இல் வந்த கல்விச் சட்டம் மறைப்பணியாளர் பள்ளிகளை அரசின் பிடிக்குள் கொணர்ந்து, கருப்பினப் பிள்ளைகளுக்குக் கூலிவேலைக்குப் போதுமான படிப்பே போதும் என விதித்தது. அக்காலமெல்லாம் கூட்டங்களிலும் சவ ஊர்வலங்களிலும் மக்கள் இப்பாட்டைப் பாடினர். பெரும்பாலோர் அதைப் புத்தகத்தில் படித்தவரல்லர். பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக் கற்றவரே. எல்லைக்கு அப்பாலும் அது சென்றது. விடுதலை பெற்ற தாங்கனிக்கா 1961இலும், சாம்பியா 1964இலும் அதன் இசையையே தம் நாட்டுப்பாட்டாகக் கொண்டன. சிம்பாப்வே 1980 முதல் 1994 வரை அதைப் பாடியது.

1994 ஏப்ரல் 27ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் அனைத்து மக்களும் முதன்முறையாக வாக்களித்தனர். நெல்சன் மண்டேலா தம் முதல் வாக்கை இடுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம், பாடற்குழுவை ஊர் ஊராக அனுப்பிய அதே ஒஹ்லாங்கே பள்ளி. டூபேயின் கல்லறையும் அங்கேயே உள்ளது. பழைய அரசின் பாட்டோடு சொண்டோங்காவின் பாட்டும் நாட்டுப்பாட்டாக அறிவிக்கப்பட்டது. 1997இல் இரண்டும் சுருக்கப்பெற்று ஒரே பாட்டாக இணைக்கப்பட்டன. இன்று அது ஐந்து மொழிகளில் பாடப்படுகிறது. ஒடுக்கியவர் பாட்டையும் உடன் சேர்த்தது சரியா என்பதில் நம்முள்ளும் கருத்து வேறுபாடு எழலாம். அந்நாட்டிலேயே அவ்வேறுபாடு உண்டு. நம் கருத்தைக் கேட்பின், சொண்டோங்காவின் பகுதியே முதலில் வருகிறது என்பது ஓரளவு ஆறுதல்.

இனிப் பாட்டாசிரியரின் நினைவு சென்ற வழி. அவர் தொகுத்த பயிற்சிப் புத்தகம் என்னவாயிற்று? வந்தோரெல்லாம் தாள்களை வாங்கிச் சென்றனர். திருப்பித் தந்தவர் சிலரே. பெரும்பகுதி தொலைந்தது. பாட்டின் உரிமையை டயானா அம்மையார் ஆறு பென்னிக்கு விற்றுவிட்டதாகக் கூறுவர். அவர் 1929இல் காலமானார். கணவனை இழந்து பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு ஆறு பென்னியும் காசே. அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஒரு பள்ளியோ சங்கமோ அப்புத்தகத்தை ஒரு படி எடுத்து வைத்திருக்கலாம்; செய்யவில்லை.

புத்தகம் மட்டுமன்று, கல்லறையும் தொலைந்தது. ஒரு நாடே எழுந்து நின்று பாடும் பாட்டை ஆக்கியவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பதை 1990களில் எவரும் அறியார். ஆய்வாளர் தேடத் தொடங்கினர். அவர் 1904இல் இறந்தார் என்றே பலரும் எழுதியிருந்தமையால் தேடல் முதலில் பயனற்றுப் போயிற்று. கருப்பின மக்கள் நடத்திய பழைய செய்தித்தாள் ஒன்றில் வந்திருந்த இறப்புச் செய்தியே சரியான நாளைக் காட்டிற்று. அந்நாளைக் கொண்டு ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டின் பதிவேட்டைப் புரட்டினர். அப்போதும் சொண்டோங்கா என்னும் பெயர் அகப்படவில்லை. காரணம் எளிது. பதிவேட்டை எழுதியவர் குடிப்பெயரை எழுதவில்லை. ‘ஏனோக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

தலைமையாசிரியர் என்ற முறையில் பதிவேடுகளோடு முப்பதாண்டுகள் புழங்கியவர் நாம். அதனால் இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது நம் கை சற்று நடுங்கியது என்று சொன்னால் மிகையாகாது. ஒருமுறை ஒரு பழைய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குத் தந்தை பெயர், தொழில், பிறந்த நாள் எல்லாம் அழகிய கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. நம் தெருப் பிள்ளைகளுக்கோ ஒற்றைப் பெயரும் சாதிப் பெயரும் மட்டுமே. மற்றக் கட்டங்கள் வெற்றிடம். பிறந்த நாள் என எல்லார்க்கும் ஒரே தேதி. வெள்ளையர் இடுகாட்டு எழுத்தருக்கும் நம் நாட்டுப் பள்ளி எழுத்தருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்திருக்க வழியில்லை. ஆயினும் இருவர் கையும் ஒரேவகையாகவே எழுதியிருக்கின்றன.

அந்த இடுகாட்டிலேயே நம் தில்லையாடி வள்ளியம்மையும் துயில்கிறாள் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்த அந்தச் சிறுமிக்கு அவ்வாண்டே நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஒன்பதாண்டுகள் முன்னர் அங்கே புதைக்கப்பட்ட பாட்டாசிரியருக்குத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தே கல் வந்தது. 1996 செப்டம்பர் 24ஆம் நாள் அவ்விடம் நாட்டின் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. மண்டேலா நேரில் வந்து கருங்கல் நினைவிடத்தைத் திறந்து வைத்தார். சொண்டோங்காவுக்கு அளிக்கப்பட்ட உயர்விருதை அவருடைய பேத்தி பெற்றுக்கொண்டார்.

இவ்வளவும் எழுதிய பின்னர் நாம் மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. நம் சங்கம் தொடங்கிய முதலாண்டில் மாலைப் பள்ளிக்கு வாரம் இருமுறை ஒரு பெரியவர் வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கஞ்சிராவைத் தட்டிப் பாட்டுக் கற்பித்தது மூத்த உறுப்பினர்க்கு நினைவிருக்கும். அம்பேத்கர் பிறந்தநாள் விழாவில் நம் பிள்ளைகள் மேடையேறிக் கூச்சமின்றிப் பாடியது அவரால். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. இம்மலரில் வெளியிடவிருக்கும் ஆசிரியர் பட்டியலுக்காகப் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். ‘பாட்டு வாத்தியாருக்குப் போக்குவரத்துச் செலவு’ என்று பதினான்கு இடங்களில் இருந்தது. பெயர் ஓரிடத்திலும் இல்லை. கணக்கை எழுதிய கையெழுத்து வேறு எவருடையதும் அன்று. அந்நாளில் சங்கத்தின் கணக்கைப் பார்த்து வந்த எம்முடையதே.

மலர்க் குழுவினர் இருவரை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் அவருடைய மகள் வாழும் ஊருக்குச் சென்றோம். அம்மையார் இரும்புப் பெட்டியைத் திறந்து, தந்தையாரின் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டோம். அவர் கட்டிய பாட்டுகளுள் மூன்றை அம்மையாரே பாடினார். உடன் வந்த இளைஞர் அவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, மறுநாளே ஏட்டிலும் எழுதிவிட்டார். இம்மலரின் ஆசிரியர் பட்டியலில் ஏழாவதாக உள்ள பெயர் அவருடையது.